ஏழு வரை

ஒரு மணிக்கு அறுபது ஸ்லோட்டி.
இரண்டு மணி நேரம் ட்ராம் ஓட்டினால்
எனக்கு வருகிற காசு அது.

செவ்வாய் ஐந்தரைக்கு,
ரதாயே அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடிக்கு,
லிஃப்ட் ஓடாத நாளில் மூச்சுவாங்க வருவாள் ஒதீலியா.
இன்னும் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண்.
கையில் எப்போதும் அதே பச்சைப் பென்சில்.
பூட்ஸைக் கழற்றி ஹீட்டருக்கு அடியில் வைப்பாள்.
சாக்ஸில் ஓட்டை இருக்கும், மறைக்க மாட்டாள்.
அந்த ஓட்டைக்காகவே
தீமோனுக்கு அவளைப் பிடித்துப்போனது.

என் மகன் வாசிப்பதைக் கேட்பது
சைக்கிளுக்குப் பின்னால் ட்ராம் ஓட்டுவது மாதிரி.
மணியடிக்காமல் இருக்க முடியாது.
முதல் எழுத்துக்கு அவன் வாய் திறக்கும்போதே
முழுச் சொல்லையும் எடுத்து நீட்டிவிடுவேன்.
உதவி என்றுதான் நினைத்தேன்.
அவனும் பழகிக்கொண்டான்:
முதல் எழுத்தைச் சொல்வான்,
பிறகு என் முகத்தைப் பார்ப்பான்.

"முகம் படிப்பதில் கெட்டிக்காரன்," என்றாள் ஒதீலியா
மூன்றாவது வாரம், பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே.
"பக்கத்தைப் படிக்க நீங்கள் விட்டால்தானே?
அவன் நின்றால் ஏழு வரை எண்ணுங்கள்.
வராவிட்டால் சொல்லுங்கள்."

ஏழா?
ஏழுக்குள் நான் ஒரு நிறுத்தத்தில்
கதவைத் திறந்து மூடிக் கிளம்பியிருப்பேன்.

அன்றிரவு புத்தகத்தில் ஒரு தோட்டம்.
தோட்டத்தில் மழை. மழையில் மண்புழு.
எங்கள் போலிஷ் மொழியில் மண்புழுவின் பெயர்
பிள்ளைகளைத் தண்டிக்கவென்றே யாரோ வைத்தது.
ஜ்ஜோவ்னிட்ஸா.
நான்கு மெய்யெழுத்துகள் முண்டியடித்து வாசலில் நிற்க
ஐந்தாவதாகத்தான் உயிர் வரும்.

ஒன்று.
ஃப்ரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.
இரண்டு.
மேல்வீட்டில் யாரோ சுவரில் துளைபோடுகிறார்கள்.
மூன்று.
தீமோன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
நான்கு.
சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து
கதவைத் தட்டியது.
ஐந்து, ஆறு.
சமையலறையில் யொவீத்தா
பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.
நாள் முழுக்க ஆஸ்பத்திரிச் சலவையில் ஊறிய கைகளோடு
அவளும் எண்ணுகிறாளோ என்னவோ.
ஏழு.
ஏழரை.

"பாம்பு," என்றான் தீமோன்,
படத்தைப் பார்த்து, முழு நம்பிக்கையோடு.

நான்தான் சொன்னேன் கடைசியில்.
இப்படியே நவம்பர் போனது, டிசம்பர் போனது.
ஒருநாள் வாசிப்பின் நடுவே சொன்னான்:
"அப்பா, உன் உதடு எண்ணுது.
ஏழு வரட்டும்னு நானும் காத்துட்டு இருக்கேன்."

அதற்குப்பிறகு வாயை மூடிக்கொண்டு
என் தடத்தின் நிறுத்தங்களை மனசுக்குள் ஓட்டினேன்.
சில சொற்களுக்கு ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்தது.
ஒரு சொல்லுக்கு டிப்போவே வந்துவிட்டது.

மண்புழு வந்தது மார்ச்சில்.
புத்தகத்தில் இல்லை. விதைக்கடை வரிசையில்,
எங்களுக்கு முன்னே அடுக்கியிருந்த உரப்பை ஒன்றின் மேல்.
விரல் வைத்தான். ஜ், என்றான்.
மறுபடியும் ஜ்.
பின்னால் மண்வெட்டியோடு நின்ற ஆள் பெருமூச்சு விட்டார்.
கடைக்காரி எங்களைக் கூப்பிட்டாள், நான் நகரவில்லை.
ஜ்ஜோ, என்றான்.
மீதியை மூச்சு வாங்கித் தள்ளினான்,
கனமான கதவைத் தோளால் தள்ளுகிற மாதிரி.
அவனுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.
"இதுக்குள்ள உயிரோட இருக்குமா?" என்று
பையை அமுக்கிப் பார்த்தான்.

ஏப்ரலில் ஒதீலியாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது.
கடைசி மணிக்குக் காசு வாங்கிக்கொண்டாள், எண்ணி.
பச்சைப் பென்சிலை மறந்துவிட்டாளா
விட்டுவிட்டுப் போனாளா, தெரியாது.

நேற்று டிப்போவிலிருந்து கடிதம்.
யொவீத்தாவுக்காக உரக்கப் படித்தேன்.
மூன்றாம் வரியில் வாலும் தலையும் தெரியாத
ஓர் அரசாங்கச் சொல்.
கண்ணாடியை ட்ராமிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.
நின்றுவிட்டேன்.

எதிரே நாற்காலியில் முட்டிபோட்டு,
தாளைத் தலைகீழாகப் பார்த்தபடி தீமோன்.
அவனுக்குச் சொல் கிடைத்துவிட்டது.
முகத்தில் தெரிகிறது.
கண்ணில் கெஞ்சிப் பார்க்கிறேன்.

பயல் வாயை இறுக மூடிக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்புகிறான்.
மேசைமேல் பச்சைப் பென்சில் மட்டும் தட்டுகிறது.
நான்கு.
ஐந்து.